கதவுக்கு வெளியே கேட்ட நாடகம்

இதை எழுத நான் சரியான ஆள்தானா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். எழுதப்போவது ஒரு நாடகத்தைப் பற்றி. அந்த நாடகத்தை நான் பார்த்ததில்லை. மூடிய கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அன்று தூறல் விழுந்துகொண்டிருந்தது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். போன மாதம், அந்த நாடகத்தில் நடித்த மாரிசெல்வத்தைப் பார்த்தபோது கேட்டேன். “தூத்தலே கெடயாது அண்ணாச்சி. ஆடிக்காத்து. தகரத்துல வேப்பம்பழம் உதுந்த சத்தம் அது” என்றான். அவன் சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் என் சட்டை நனைந்திருந்ததும் ஞாபகம் இருக்கிறது. வியர்வையாக இருக்கலாம்.

அப்போது நான் வண்ணார்பேட்டையில் சிவசைலம் அண்ணாச்சி வீட்டு மாடியில் குடியிருந்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. மாலையில் வந்தால் ஜன்னலோரம் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவேன். பஸ்களின் ஹாரன் சத்தம் ஓயாத தெருதான். என்றாலும் காற்று திரும்பினால் ஆற்றின் ஈர வாசம் வரும். வீட்டில் மூன்று பேர். சிவசைலம் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், வாழ்நாள் முழுக்கக் கால்வாய் மதகுகளோடு இருந்தவர். மதகைத் திருகித் திறப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வார்த்தை வரும். அவர் மனைவி கோமு. ஒரே மகள் ராஜராஜேஸ்வரி, ராஜி. என்னை அந்த வீட்டில் ‘மாடி சார்’ என்பார்கள்.

ராஜி சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவள். கொரோனா சமயம் வீட்டுக்கு வந்தாள், பிறகு போகவில்லை. வேலையை விட்டுவிட்டதை வீட்டில் சொல்லவே அவளுக்குப் பல மாதம் ஆயிற்று. அதற்குள் அவள் வேறு தொழிலுக்குள் போயிருந்தாள். பேய்ப்படம் வரைவது. பெங்களூரில் ஒரு விளையாட்டுக் கம்பெனிக்கு வரைந்தாள். திகில் கதைப் புத்தகங்களுக்கு அட்டைப்படம் வரைந்தாள். கூடவே நாடகம் எழுதினாள், அதுவும் திகில்தான்.

அவளுடைய படங்களில் பல்லை நீட்டிக்கொண்டு எதுவும் வராது. தலை சீவுகிற ஒரு பெண். அவளுடைய முடி முதுகைத் தாண்டி, தரையைத் தாண்டி, குளியலறைச் சாக்கடை ஓட்டைக்குள் போகும். உள்ளேயிருந்து யாரோ அதைப் பிடித்திருப்பதுபோல் விறைப்பாக இருக்கும். இன்னொன்றில் சேலைத் தொட்டில். துணியில் உள்ளேயிருந்து கை பதிந்திருக்கும். ஒரு குழந்தைக்கு இருக்க வேண்டியதைவிட அதிகமான கைகள். ஆறிய பாலில் ஏடு படிவதை அவள் சமையலறையில் குனிந்து நின்று வெகுநேரம் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். ஒரு நாள் மாடிக்கு வந்து, “சார், ஒங்க கையைக் கொஞ்சம் தாங்க” என்றாள்.

“எதுக்கும்மா?”

“செத்தவன் கை ஒண்ணு வேணும். ஒங்க கை நல்லா இருக்கும். வெரல் நீளம்.”

மேஜைமேல் கையை மல்லாத்தி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வரைந்து முடித்ததும் காட்டினாள். அன்று இரவு சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டேன்.

சிவசைலம் அண்ணாச்சிக்கு மகள்மேல் கோபம் என்று சொல்ல மாட்டேன். வெட்கம் என்றுதான் சொல்வேன். ஒரு நாள் வாசலில் நிற்கையில் கேட்டார்.

“ஆளுக கேக்குதாவ சார். மக என்ன பண்ணுதான்னு. பேய் வரையுதான்னு எப்படிச் சொல்ல?”

“ஓவியர்னு சொல்லுங்களேன்.”

“சொன்னேன். படத்தக் காட்டுங்கன்னுட்டாவ.”

கோமு அம்மாளுக்கு வேறு குறை. “வெள்ளிக்கெழம அந்த ரூமுக்குள்ள சாம்பிராணி காட்டப் போனா, செவுத்துல இருக்கிறதெல்லாம் என்னையப் பாக்கு. யாருக்குக் காட்டுதோம்னே தெரியல” என்பார். ஆனாலும் காட்டுவார். சாம்பிராணிக் கரண்டியைப் படங்களுக்கு நேராகப் பிடிக்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு, குறுக்கே ஒரு சுற்று.

அந்த வருஷம் சிவசைலம் ஒரு கெடு வைத்திருந்தார். ஆடி முடிவதற்குள் இந்தத் தொழிலில் ஏதாவது நாலு பேர் மதிக்கிற காரியம் நடக்க வேண்டும். இல்லையென்றால் ராஜி வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போக வேண்டும், வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பார்கள். ராஜி சரி என்றாள். அவளிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. பெங்களூரில் நடக்கும் ஒரு நாடக விழாவுக்கு எழுதிப் போட்டிருந்தாள். தேர்வுக்குழுவிலிருந்து இரண்டு பேர் நேரில் வந்து நாடகத்தைப் பார்ப்பதாகப் பதில் வந்தது. பிடித்தால் விழாவில் மேடை, அதன்பின் ஒரு வருஷம் அங்கேயே தங்கி எழுதலாம். பாளையங்கோட்டையில் ஞானையா அண்ணாச்சியின் பழைய அரிசிக் கோடவுனைப் பேசி முடித்தாள். தகரக் கூரை, கனத்த இரட்டை மரக்கதவு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் யோகா வகுப்புக்கு விட்டிருந்த இடம்.

நாடகத்தின் பெயர் ‘கூடுதல் இலை’. எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் ஔவையார் நோன்பு என்று ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமையில் பெண்கள் மட்டும் கூடி நடத்துவது. ஆண் வாடையே ஆகாது, கைக்குழந்தையானாலும் ஆண் என்றால் வெளியேதான். பச்சரிசி மாவில் உப்பில்லாமல் கொழுக்கட்டை செய்வார்கள் என்பது தெரியும். அதற்கென்று தனி வடிவங்கள் உண்டு என்பதும் தெரியும். என்ன வடிவம் என்று தெரியாது. ஒரு கதை சொல்வார்களாம், அதுவும் தெரியாது. என் அம்மா தன் கடைசி வருஷம் வரை போய்வந்தாள், ஒரு வார்த்தை சொன்னதில்லை. ராஜியின் நாடகம் அப்படி ஒரு நோன்பு வீட்டுக்குள் நடப்பது. பெண்கள் இலை போட்டு எண்ணுகிறார்கள். ஓர் இலை கூடுதலாக இருக்கிறது. கூடுதலாக வந்தவள் யார் என்று யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் ஒவ்வொருத்தியும் அவள் மற்றவளோடு வந்தவள் என்று நினைத்திருக்கிறாள்.

நடிக்க நான்கைந்து பெண்கள். அதில் நஃபீஸத் மேலப்பாளையத்துப் பெண், குரலால் எதையும் செய்வாள். கதவைத் தட்டுகிற கணவன் வேடத்துக்கு மாரிசெல்வம். செல்போன் கடையில் வேலை செய்பவன், களக்காட்டுக்காரன்.

வினை விளம்பரத்தில் வந்தது. ராஜி ஒரு படம் வரைந்து போட்டாள். பித்தளைப் பானை, மூடியைத் தூக்கும் கை, ஆவி, ஆவிக்குள் வெந்துகொண்டிருக்கும் ஒரு வடிவம். நானும் போனில் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று எழுதப்போவதில்லை.

மறுநாள் களக்காட்டிலிருந்து ஆவுடை அத்தை வந்து இறங்கினார். சிவசைலத்தின் அக்கா. அந்தக் குடும்பத்து நோன்பை நடத்துகிறவர். கையில் ஒரு சாக்குப்பையில் வாழைக்காய். கோபத்தில் வந்தாலும் வெறுங்கையோடு வரமாட்டார். சனிக்கிழமைகளில் எனக்கு அங்கேதான் சாப்பாடு என்பதால் நான் கூடத்தில் இருந்தேன்.

“சைலம், நீ பாத்தியா?”

“என்னத்தக்கா?”

“ஒம்மக வரைஞ்சத.”

“பாத்தேன்.”

“பாத்துட்டியா!” தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “எம்பது வருஷம் எங்க அம்மா பொத்தி வச்சது. எங்க அப்பா சாகுத வரைக்கும் பாத்ததில்ல. இப்பம் செல்போன்ல பாக்கான், பஸ்ல பாக்கான். டீக்கடையில கண்டக்டர் பாக்கான்.”

ராஜி அறையிலிருந்து வந்தாள். கைவிரலெல்லாம் கறுப்பு மை.

“அத்தே, அது நெஜமான வடிவம் இல்ல. நானா இஷ்டத்துக்கு வரைஞ்சது.”

“அது தெரியாதாக்கும் எனக்கு? இது என்னளா இப்படி வளஞ்சுகிட்டு கெடக்கு? அதுக்கு நுனியில—”

ஆவுடை அத்தை சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சிவசைலம் அண்ணாச்சி நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். நான் என் கால் நகங்களைப் பார்த்தேன். கேட்கவில்லை என்பதுபோல் நாங்கள் இரண்டு ஆண்களும் அத்தனை பாடுபட்டோம்.

“பாத்தியா,” அத்தை கையை எடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “என் வாயாலயே சொல்ல வச்சிட்ட. இதாம்ளா நடக்கும். ‘இது இல்ல’ன்னு நீ சொன்ன ஒடனே ‘அப்பம் எது’ன்னு தேடுவான்.”

“படத்த எடுத்துருதேன்.”

“நாடகம்?”

“அத எடுக்க மாட்டேன்.”

“நோன்ப மேடையில வச்சு ஆம்பளை பாக்கக் காட்டுவியோ?”

“நோன்ப நான் காட்டலை அத்தே. பயத்தத்தான் காட்டுதேன். சின்னப் புள்ளையில நீங்க எல்லாருந்தான் கூட்டிட்டுப் போனிய. கதவப் பூட்டிட்டு, வெளக்கத் தணிச்சுட்டு, எல்லாரும் ஒரு மாதிரி ஆயிட்டிய. எங்க அம்மா யாரோ மாதிரி இருந்தா. அன்னைக்குப் பயந்தேன் பாருங்க, அந்த மாதிரி பயம் அதுக்கப்புறம் எனக்கு வரவே இல்ல. என் தொழிலே அதுலருந்துதான்.”

“அப்பம் எங்களப் பேயிங்கியா?”

“ஆமா,” என்றாள் ராஜி. “எனக்குப் பிடிச்ச பேயி.”

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

சமையலறை வாசலில் கோமு அம்மாள் நின்றிருந்தார். அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம். “நான் நம்பி ஒன்னையக் கூட்டிட்டுப் போனேன்.” அதோடு உள்ளே போய்விட்டார்.

இலை போட்டார்கள். சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கும் சொதியைக் கோமு அம்மாள் சனிக்கிழமை சாதாரணமாக வைப்பார். தேங்காய்ப்பாலின் வாசம் தெருவரை வரும். முதல் வாய் வைத்த சிவசைலம் அப்படியே நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். உப்பே இல்லை. எதிலும் இல்லை.

“கோமு, உப்பு…”

“இல்ல.”

“மறந்துட்டியோ?”

“மறக்கல. உப்பில்லாததத்தான ஊருக்குக் காட்டப்போறா. மொதல்ல தின்னு பாக்கட்டும்.”

சிவசைலம் ஊறுகாய் ஜாடியைத் தேடினார். அது மேஜையில் இல்லை. ஆவுடை அத்தை பழகியவர்போல முகம் மாறாமல் பிசைந்து சாப்பிட்டார். ராஜி குனிந்தபடி சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. முடித்துவிட்டு இலையிலிருந்து கையை எடுக்காமல், “இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா” என்றாள். கோமு அம்மாள் கரண்டியோடு வந்து போட்டார். சொதியும் ஊற்றினார். அதையும் சாப்பிட்டாள். அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சாப்பாட்டில் அத்தனை சண்டை போடமுடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றது. கோமு அம்மாள் மகளிடம் பேசவில்லை. பாத்திரம் பேசியது. அம்மியில் குழவியை வைக்கிற சத்தத்திலேயே மாடியில் எனக்குச் சேதி தெரியும். அத்தை ஊருக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். சிவசைலம் முன்பைவிடச் சீக்கிரம் எழுந்து ஆற்றுக்குக் குளிக்கப் போய், முன்பைவிடத் தாமதமாகத் திரும்பினார். எனக்கு மௌனம் பிடிக்கும். ஆனால் அந்த மௌனம் எனக்கும் கனத்தது. புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நாடகத்துக்குச் சில நாட்களே இருந்தபோது சிவசைலம் பேசினார். மாலை. ராஜியும் நஃபீஸத்தும் மாரிசெல்வமும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தையும் கோமு அம்மாளும் கீழ்ப்படியருகே வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார்கள்.

“ராஜி. நிப்பாட்டிரு. வாரவங்ககிட்ட ஒடம்பு சரியில்லன்னு சொல்லிரு. அந்த நோன்புக் காட்சிய எடுத்துட்டு வேற ஒண்ணு எழுது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“அடுத்த வருஷம் நான் பேங்க்ல இருப்பேனேப்பா. நீங்க சொன்ன கெடுதான்.”

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“காட்சிய எடுத்தா நாடகமே இல்ல. அதுதான் நாடகம்,” என்றாள். கத்தி வாழைக்காயில் இறங்கும் சத்தம் மட்டும். ராஜி படியில் எழுந்து நின்றாள். “அத்தே, ஒங்களுக்கு என்ன தடை? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“ஆம்பளை பாக்கக்கூடாது. அம்புட்டுதான்.”

“சரி. பாக்க வேண்டாம்.”

“என்னது?”

“பொம்பளைங்க மட்டும் உள்ள. ஆம்பளைங்க எல்லாரும் கதவுக்கு வெளிய. நாற்காலி போட்டுருதேன். கேக்கட்டும்.”

மாரிசெல்வம் துள்ளி எழுந்தான். “அக்கா! ஒரு மாசமா வசனம் மனப்பாடம் பண்ணிருக்கேன்!”

“ஒனக்கு வேஷமே கதவத் தட்டுததுதாம்ல. வெளிய நின்னு தட்டு.”

“எங்க அம்மா வருவா, என்னையப் பாக்க.”

“ஒன் சத்தத்தக் கேப்பா.”

நஃபீஸத் தலையில் அடித்துக்கொண்டாள். “ஏட்டி, ஒனக்குக் கோட்டியா புடிச்சிருக்கு? பெங்களூர்லேந்து வாரதுல ஒருத்தரு ஆம்பளைட்டி.”

“அவரும் வெளியதான்.”

இப்போது சிவசைலத்துக்குப் பதற்றம் வந்துவிட்டது. “அந்த மனுசன் அம்புட்டுத் தூரத்துல இருந்து வாராரு. அவரப் போயி வாசல்ல ஒக்கார வைப்பியா? செருப்பு கெடக்கிற எடத்துல? மரியாதையா இருக்குமா? என்ன நெனப்பாரு?” நாடகத்தை நிறுத்தச் சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

“என்ன வேணா நெனக்கட்டும்ப்பா. யாருக்காகவும் கதவத் தொறக்க மாட்டேன். ஒங்களுக்காக நிப்பாட்டவும் மாட்டேன்.”

ஆவுடை அத்தை கத்தியைக் கீழே வைத்தார். “அப்பமும் அது வெளையாட்டுதான. நோன்பு வெளையாட்டு இல்ல.”

“உள்ள வந்து ஒக்காருங்க அத்தே. முன்வரிசையில. தப்பா ஒண்ணு நடந்தா எந்திரிச்சு ‘நிப்பாட்டு’ன்னு சொல்லுங்க. அந்த நிமிஷமே நிப்பாட்டிருதேன். பெங்களூர்க்காரங்க இருந்தாலும் சரிதான்.”

“சொல்லுவேன்.”

“சொல்லுங்க.”

“எனக்கு யாரு மொகமும் தாட்சண்யம் கெடயாது.”

“தெரியும். அதான் கூப்பிடுதேன்.”

கோமு அம்மாள் சீவிய வாழைக்காயை அள்ளித் தண்ணீரில் போட்டார். எழுந்து உள்ளே போகையில், மகளைப் பாராமலே, “நஃபீஸத், ராத்திரி சாப்பிட்டுட்டுப் போ. பொறியல் பண்ணுதேன். உப்பு போட்டு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கோடவுன் வாசலில் நாங்கள் ஆண்கள் ஒரு இருபது பேர். சிலர் கொண்டுவிட வந்த கணவர்கள். ஞானையா அண்ணாச்சி, “என் கோடவுனுக்குள்ள என்னையவே விட மாட்டேன்னுட்டா, பாத்துக்கிடுங்க” என்று ஒவ்வொருவரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெங்களூர்க்காரர் நடுத்தர வயது, தமிழ் நன்றாகவே பேசினார். முதலில் சிரித்தார், கொஞ்ச நேரம்தான் என்று நினைத்தார் போலிருக்கிறது. கூட வந்த அம்மாள் உள்ளே போனதும் கதவு சாத்தி, உள்ளேயிருந்து தாழ் விழுந்தபோது அவர் முகம் மாறியது. சிவசைலம் அவருக்குக் காபி வாங்கி வந்தார். விசிறிக்கொள்ள ஒரு செய்தித்தாளும் கொடுத்தார். ஆடிக்காற்றில் அந்தத் தாள் பறந்து போனது.

நஃபீஸத் கதவருகே நின்று வந்த பெண்கள் ஒவ்வொருத்தியிடமும் பெயர் கேட்டு உள்ளே விட்டிருந்தாள். எதற்கென்று நாங்கள் யோசிக்கவில்லை.

முதலில் தேங்காய் துருவும் சத்தம் வந்தது. பிறகு வளையல்கள். மாவு பிசைகிற சத்தம் என்று நினைக்கிறேன். பெண்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். மாமியார் கதை, கரண்ட் பில், யாரோ ஒருத்தியின் மூட்டுவலி. உள்ளே சிரித்தார்கள். ஞானையாவும் சேர்ந்து சிரித்தார். ஆட்களின் பேச்சா, நாடகமா என்று பிரிக்க முடியவில்லை. பிறகு ஒருத்தி கதை சொல்லத் தொடங்கினாள். அந்த இடத்தில் குரல் சரிந்து முணுமுணுப்பாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் எங்களை அறியாமல் கதவுப்பக்கம் சாய்ந்தோம். ஒன்றும் பிடிபடவில்லை. முணுமுணுப்பு நீண்டுகொண்டே போனது. கூரையில் பொட்டுப் பொட்டென்று ஏதோ விழுந்துகொண்டிருந்தது. ஆவுடை அத்தையின் ‘நிப்பாட்டு’ இதோ வரும், இதோ வரும் என்று நான் காத்திருந்தேன். சிவசைலமும் அதற்குத்தான் காத்திருந்தார் என்பது அவர் நாற்காலியின் கையைப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது. அந்தச் சத்தம் வரவில்லை.

“இலை எண்ணியாச்சா?”

“எண்ணியாச்சு. ஒண்ணு கூட இருக்கு.”

“திரும்ப எண்ணு.”

“எண்ணிட்டேன். யாரு கூடளா வந்தா அவ? ஒங்கூடயா?”

“என்கூட இல்லியே. நான் ஒங்கூட வந்தவன்னுல்லா நெனச்சேன்.”

“பேரக் கூப்பிடுங்க. இருக்கவ சொல்லட்டும்.”

பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நடிப்பவர்களின் பெயர்கள் முதலில். பிறகு, பார்க்க வந்தவர்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ‘நான் இருக்கேன்’ என்று பதில். வெளியே உட்கார்ந்திருந்த ஆண்களில் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். தன் வீட்டுப் பெயர் வரும்போது நிமிர்ந்து, பதில் வந்ததும் லேசாகச் சிரித்து, பக்கத்து ஆளைப் பார்ப்பது. மேலப்பாளையத்திலிருந்து வந்த ‘பாத்து’ என்றொரு பெயர், மாரிசெல்வத்தின் அம்மா சுடலைவடிவு, ஆவுடை. “நான் இருக்கேன்” என்றது அத்தையின் கரகரத்த குரல்.

“கோமு.”

“நான் இருக்கேன்.” கோமு அம்மாளின் குரல்தான். சிவசைலம் தலையை அசைத்துக்கொண்டார்.

பெயர்கள் முடிந்தன.

“கோமு,” என்று மறுபடியும் கூப்பிட்டது ஒரு குரல்.

“நான் இருக்கேன்.”

இது கோமு அம்மாளின் குரல் இல்லை. நஃபீஸத் குரலும் இல்லை என்று மாரிசெல்வம் இன்றுவரை சொல்கிறான். அவனுக்கு அவள் எல்லாக் குரலும் தெரியும். நிதானமான, ரொம்பப் பழகிய, வீட்டுப் பெண்ணின் குரல்.

மாரிசெல்வத்தின் கட்டம் அது. எழுந்து போய்க் கதவைத் தட்டினான். “கதவத் தொறங்க. நாந்தான். என்ன நடக்கு உள்ள?” பதில் இல்லை. மறுபடி தட்டினான். என் பக்கம் திரும்பினான், முகம் வெளிறியிருந்தது.

“அண்ணாச்சி, இந்நேரம் ராஜியக்கா பதில் சொல்லணும். ஒத்திகையில அப்படித்தான்.”

“பொறு, சொல்லுவா.”

சொல்லவில்லை. சிவசைலம் எழுந்தார். மாரிசெல்வத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு உள்ளங்கையாலும் கதவில் ஓங்கி அறைந்தார். வாழ்நாளில் குரல் உயர்த்தாத மனிதர்.

“கோமு! ஏளா கோமு! கதவத் தொற!”

உள்ளே, கதவுக்கு மிக அருகில், அந்தக் குரல் அமைதியாகக் கேட்டது.

“எந்த கோமு வேணும்?”

அவர் கை கதவிலேயே நின்றுவிட்டது. எனக்கு அவர் பின்கழுத்து மட்டும்தான் தெரிந்தது, அதில் மயிர் குத்திட்டு நின்றது. பெங்களூர்க்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். நாங்கள் எல்லோருமே நின்றுகொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

தாழ் விலகியது. பெண்கள் வெளியே வந்தார்கள். வாயை இறுக மூடி, எங்கள் முகங்களைப் பார்க்காமல், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அவரவர் வீட்டுப் பெண்ணை அடையாளம் தெரிந்தும் கூப்பிடத் தயங்கி ஆண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஆவுடை அத்தை யாரையும் லட்சியம் பண்ணாமல் போனார். கடைசியில் கோமு அம்மாள் வந்தார். சிவசைலம் அவர் முகத்தையே பார்த்தார்.

“கோமு… என்ன நடந்துச்சு உள்ள?”

கோமு அம்மாள் நின்றார். அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அப்படித் தெரியவில்லை.

“ஆம்பளைட்ட சொல்லக்கூடாது,” என்றார்.

உள்ளே, காலியான கோடவுன் நடுவில் ராஜி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். நாங்கள் கிட்டே போய் எட்டிப் பார்க்குமுன் அவளே வந்து கதவைச் சாத்தினாள்.

பெங்களூர்க்காரர்கள் இருவருக்கும் நாடகம் பிடித்திருந்தது. ஆனால் விழாவில் ஆண் பெண் எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டும் என்று விழாக்காரர்கள் எழுதினார்கள். ராஜி முடியாது என்று எழுதினாள். அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. வங்கித் தேர்வு வகுப்பு பற்றி ஆடிக் கடைசியில் சிவசைலம் ஒருமுறை கேட்டார். “போகல” என்றாள். அவர் மறுமுறை கேட்கவில்லை. அவள் இன்னும் வண்ணார்பேட்டை வீட்டில்தான் இருக்கிறாள், பேய்ப்படம் வரைகிறாள், திகில் நாடகம் எழுதுகிறாள். கல்யாணம் ஆகவில்லை. ‘கூடுதல் இலை’ அதன்பிறகு களக்காட்டில், திசையன்விளையில், தென்காசியில் நடந்தது. எல்லா இடத்திலும் ஆண்கள் வெளியேதான். நஃபீஸத் வாப்பாவின் சம்மதம் வாங்கி வெளியூர்களில் நடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. இப்போது சென்னையில் டப்பிங் பேசுகிறாள். மாரிசெல்வம் சொந்தமாகச் செல்போன் கடை வைத்திருக்கிறான், கதவு தட்டப் போவதில்லை. ஞானையா அண்ணாச்சி கோடவுனை இடித்துவிட்டுக் கடைகள் கட்டினார். ஆவுடை அத்தை அன்று நாடகத்தை நிறுத்தவில்லை. ஆனால் அதன்பின் எந்த நோன்புக்கும் ராஜியை அழைக்கவில்லை. ராஜிக்கு அதில் வருத்தம் உண்டு, கேட்கப் போகவும் மாட்டாள். கோமு அம்மாள் நோன்புக்கும் போகிறார், மகளின் நாடகத்துக்கும் போகிறார். சிவசைலம் அண்ணாச்சி இரண்டு வருஷம் முன்பு மாரடைப்பில் இறந்தார். நான் வேலை மாறித் தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன்.